நைட்ரோ மான்ஸ்டர் டிரக் வாங்குவதற்கு முன்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ரிமோட்டில் ஓடும் நைட்ரோ மான்ஸ்டர் டிரக் வாங்க நினைப்பவர்கள் பெரும்பாலும் மூன்று பெயர்களுக்கு நடுவில்தான் குழம்பி நிற்பார்கள்: டிராக்ஸஸ் நிறுவனத்தின் டி-மேக்ஸ், அதே நிறுவனத்தின் ரீவோ, எச்பிஐ நிறுவனத்தின் சாவேஜ். எல்லோரும் முதலில் கேட்பது "எது வேகமாகப் போகும்?" என்பதைத்தான். நான் அதை மூன்றாவது இடத்தில் வைப்பேன். உடைந்தால் உதிரி பாகம் சுலபமாகக் கிடைக்குமா என்பது முதல் கேள்வி. இன்ஜினோடு மல்லுக்கட்ட உங்களுக்கு நேரமும் ஆர்வமும் உண்டா என்பது இரண்டாவது. இந்த இரண்டுக்கும் பதில் தெரிந்துவிட்டால் எந்த வண்டி என்பது பாதி முடிவாகிவிடும்.

நைட்ரோ என்றால் பெட்ரோல் வண்டியா?

இல்லை. இதில் ஊற்றுவது மெத்தனால், நைட்ரோமீத்தேன், எண்ணெய் மூன்றும் கலந்த எரிபொருள். ஸ்பார்க் பிளக்கும் கிடையாது. அதற்குப் பதில் குளோ பிளக் என்று ஒரு சின்னப் பிளக், அதன் உள்ளே பிளாட்டினம் கலந்த மெல்லிய கம்பிச் சுருள். ஸ்டார்ட் செய்யும்போது மட்டும் ஏறத்தாழ 1.2 முதல் 1.5 வோல்ட் கொடுத்துக் கம்பியைச் சிவக்க வைக்கிறோம். இன்ஜின் ஓடத் தொடங்கியதும் மின்சாரத்தை எடுத்துவிடலாம். ஒவ்வொரு முறை எரியும்போதும் வரும் சூடும், பிளாட்டினத்தோடு மெத்தனால் வினைபுரிவதால் வரும் சூடும் சேர்ந்து கம்பியை அணையாமல் வைத்துக்கொள்ளும்.

இது இரண்டு ஸ்ட்ரோக் இன்ஜின். தனியாக இன்ஜின் ஆயில் ஊற்றும் இடம் கிடையாது. எரிபொருளில் கலந்திருக்கும் எண்ணெய்தான் பிஸ்டனுக்கும் பேரிங்குக்கும் ஒரே பாதுகாப்பு. இதை நன்றாக நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் டியூனிங் பற்றிச் சொல்லும்போது எல்லாமே இதில்தான் வந்து நிற்கும்.

டி-மேக்ஸ், ரீவோ, சாவேஜ்: மூன்றுக்கும் என்ன வித்தியாசம்?

டி-மேக்ஸ் 1999-இல் வந்தது. நைட்ரோ மான்ஸ்டர் டிரக்கை வீட்டு முற்றத்துக்குக் கொண்டுவந்த வண்டி என்றால் அது இதுதான். நான்கு சக்கர இழுவை, இரண்டு கியர், ரிவர்ஸ், பொத்தானை அழுத்தினால் ஸ்டார்ட் ஆகும் வசதி எல்லாம் ஒரே பெட்டியில் வந்தன. முதலில் 2.5 சிசி அளவில் சின்ன இன்ஜின், பிறகு 3.3 சிசி. அமைப்பு எளிமையானது. ஸ்க்ரூ டிரைவரை இப்போதுதான் கையில் எடுக்கிறவர்கூடப் பிரித்து மாட்டிவிடலாம். பழைய மாடல்களில் சக்கரத்துக்குச் சக்தியைக் கொண்டுபோகும் தண்டுகள் பிளாஸ்டிக். பெரிய இன்ஜினைப் பொருத்தி ஓட்டினால் முதலில் முறுக்கிக்கொள்வது அவைதான்.

ரீவோ 2004-இல் வந்தது. அதே நிறுவனம், ஆனால் வேறு சிந்தனை. மற்ற டிரக்குகளில் ஷாக் அப்சார்பர் சக்கரத்துப் பக்கத்தில் நிமிர்ந்து நிற்கும். ரீவோவில் அது சேசிஸுக்குள் படுத்துக் கிடக்கும். சக்கரம் மேலே எழும்போது ஒரு தள்ளுகோல் ராக்கர் என்ற சின்ன நெம்புகோலைத் திருப்பும், அது ஷாக்கை அமுக்கும். இதனால் ஷாக் வெளியே நீட்டிக்கொண்டு அடிபடுவதில்லை. ராக்கரை மாற்றினாலே சஸ்பென்ஷனின் குணமும் மாறிவிடும். மேடுபள்ளமான தரையில் ரீவோவை ஓட்டினால் வண்டியின் உடம்பு அதிகம் ஆடாது, நான்கு சக்கரங்கள் மட்டும் தனித்தனியாகக் கீழே குதித்துக்கொண்டிருக்கும். மூன்றில் திருப்பத்தில் மிகவும் நிதானமாக நிற்பது இதுதான். ஆனால் சேசிஸுக்குள் எல்லாம் நெருக்கமாக அடுக்கியிருப்பதால், ஒரு பாகத்தை எடுக்க இன்னும் இரண்டைக் கழற்ற வேண்டிவரும்.

சாவேஜ் 2000-களின் தொடக்கத்தில், டி-மேக்ஸின் புகழுக்குப் பதிலாக வந்தது. சட்டத்தின் இரண்டு பக்கமும் இரண்டு அலுமினியத் தகடுகளை நிமிர்த்தி நிறுத்தி, நடுவில் இன்ஜினையும் கியரையும் தொங்கவிட்ட அமைப்பு. முதல் சாவேஜிலேயே .21 இன்ஜின், அதாவது ஏறத்தாழ 3.5 சிசி. பிறகு 4.6 சிசி, நீளமான எக்ஸ்எல் மாடலில் 5.9 சிசி வரை போனார்கள். கனமான வண்டி, உயரமான வண்டி. எங்கேயாவது ஏற்றிக் குதிக்க விட்டுக் கீழே விழுந்தாலும் எழுந்து ஓட வேண்டும் என்பவர்களுக்கு இதுதான். அதே கனமும் உயரமும் திருப்பத்தில் எதிராக வேலை செய்யும். வேகமாக ஒடித்தால் கவிழும்.

என் தேர்வைக் கேட்டால்: சீராக ஓட்டப் பிடித்தவருக்கு ரீவோ. தாவிக் குதிக்கப் பிடித்தவருக்கு சாவேஜ். பிரித்துப் பார்த்துக் கற்றுக்கொள்ள வேண்டும், செலவும் கைக்குள் இருக்க வேண்டும் என்பவருக்கு டி-மேக்ஸ். முதல் வண்டி என்றால் நான் டிராக்ஸஸ் பக்கமே சாய்வேன். படங்களோடு ஒவ்வொரு பாகத்துக்கும் எண் கொடுத்து, அந்த எண்ணைச் சொன்னால் கடையில் கிடைக்கும்படி வைத்திருக்கும் பழக்கம் அவர்களுக்கு நெடுங்காலமாக உண்டு.

லோசி எல்எஸ்டி, கியோஷோ மேட் ஃபோர்ஸ் என்று வேறு பெயர்களும் காதில் விழும். எல்எஸ்டி அருமையான பெரிய வண்டி, ஆனால் பாகங்களைத் தேடி அலைய வேண்டிவரும். மேட் ஃபோர்ஸில் உண்மையான மான்ஸ்டர் டிரக் மாதிரி இடதுவலது சக்கரங்கள் ஒரே அச்சில் இருக்கும். கார் மேல் ஏறுவது போன்ற காட்சிக்கு அழகு, வேகத்துக்கு அல்ல.

.15, .21, 3.3, 4.6 என்று எழுதுகிறார்களே, அது என்ன கணக்கு?

புள்ளியில் தொடங்குபவை கன அங்குலம், மற்றவை சிசி. ஒரு கன அங்குலம் என்பது 16.387 சிசி. அப்படியானால் .15 என்பது ஏறத்தாழ 2.5 சிசி, .21 என்பது 3.5 சிசி, .28 என்பது 4.6 சிசி.

பெரிய இன்ஜின் என்றால் நல்ல வண்டி என்று முடிவு செய்துவிடாதீர்கள். 5.9 சிசி இன்ஜினைத் தூக்கிக்கொண்டு ஓடும் சாவேஜ் அதற்கேற்ற கனமும் உடையது. எரிபொருளையும் அதற்கேற்பக் குடிக்கும். 3.3 சிசி ரீவோ கையில் இருக்கும் புதியவருக்கு ஒரு வருஷம் கழித்தும் "சக்தி போதவில்லை" என்ற குறை வராது.

ஸ்டார்ட் செய்வது எப்படி? எந்த முறை நல்லது?

மூன்று முறைகள். முதலாவது, கயிற்றை இழுத்து ஸ்டார்ட் செய்வது. எளிமையானது, பேட்டரி வேண்டாம், ஆனால் எரிபொருள் நிரம்பி அடைத்துக்கொண்ட இன்ஜினில் பலம்கொண்டு இழுத்தால் கயிறு அறுந்துவிடும். இரண்டாவது, டிராக்ஸஸின் ஈஸி-ஸ்டார்ட். கையில் பிடிக்கும் பெட்டியில் பேட்டரி, அதிலிருந்து ஒரு ஒயர் வண்டியில் செருகும், பொத்தானை அழுத்தினால் மோட்டார் சுற்றும், குளோ பிளக்கும் அதோடு சேர்ந்தே சூடாகும். மூன்றாவது, சாவேஜின் சில மாடல்களில் உள்ளதுபோல், பின்புறம் ஒரு தண்டைச் செருகிக் கைமோட்டாரால் சுற்றுவது.

புதியவருக்கு ஈஸி-ஸ்டார்ட்தான் சரி. பலர் முதல் மாதத்திலேயே நைட்ரோவை விட்டு விலகுவது இன்ஜின் பழுதால் இல்லை, ஸ்டார்ட் ஆகாத எரிச்சலால்.

எதில் ஸ்டார்ட் செய்தாலும் திடீரென இன்ஜின் இறுகி நின்றால் வலுக்கட்டாயம் செய்யாதீர்கள். உள்ளே எரிபொருள் தேங்கியிருக்கும். குளோ பிளக்கைக் கழற்றி, வண்டியைத் தலைகீழாகத் திருப்பி, துளைமேல் துணியைப் பிடித்துக்கொண்டு சில முறை சுற்றினால் வெளியே வந்துவிடும். துணி இல்லாமல் செய்தால் மெத்தனால் நேராகக் கண்ணில் பீய்ச்சும்.

ரிவர்ஸ் கியர் அவசியமா?

பந்தயப் பாதையில் வேண்டாம், வீட்டு முற்றத்தில் வேண்டும். வண்டி ஒரு சுவரில் முட்டி நின்றால், ரிவர்ஸ் இல்லாதவர் நடந்துபோய்த் தூக்கித் திருப்ப வேண்டும். ரீவோவின் தொடக்க கால மாடல்களில் வண்டி நின்ற பிறகுதான் ரிவர்ஸ் விழும்படி ஒரு மின்னணுப் பகுதி தடுத்து வைத்திருக்கும், அதனால் ஓடும்போது கியர் நொறுங்காது. சாவேஜில் மாடலுக்கு மாடல் மாறும். சிலவற்றில் ரிவர்ஸைத் தனியாக வாங்கிப் பொருத்த வேண்டும், வாங்கும் முன்பே கேட்டுவிடுங்கள்.

எத்தனை சதவீத நைட்ரோ ஊற்ற வேண்டும்?

டிரக் இன்ஜின்களுக்கு 20 சதவீதம் பாதுகாப்பான தேர்வு. 10-இலும் 30-க்கு மேலும் கிடைக்கும்.

நைட்ரோமீத்தேன் ஏன் சக்தி தருகிறது என்பதைத் தெரிந்துகொண்டால் பல குழப்பங்கள் தீரும். ஒரு கிலோ பெட்ரோலை முழுதாக எரிக்க ஏறத்தாழ 14.7 கிலோ காற்று வேண்டும். மெத்தனாலுக்கு 6.4 கிலோ போதும். நைட்ரோமீத்தேனுக்கு வெறும் 1.7 கிலோ, ஏனென்றால் அதன் மூலக்கூறிலேயே ஆக்சிஜன் இருக்கிறது. சிலிண்டருக்குள் வரும் காற்று அதே அளவுதான், ஆனால் அந்தக் காற்றில் அதிக எரிபொருளை எரிக்கலாம். சதவீதத்தை உயர்த்தினால் கார்புரேட்டரில் எரிபொருள் அளவைக் கட்டுப்படுத்தும் ஊசியைத் திறந்து கூடுதல் எரிபொருள் விட வேண்டும் என்பதும் இதனால்தான்.

ஒன்றை மட்டும் செய்யாதீர்கள்: மாடல் விமானத்துக்கான எரிபொருளை விலை குறைவு என்று வாங்கி ஊற்றாதீர்கள். அதன் நைட்ரோ அளவும் எண்ணெய்க் கலவையும் வேறு வேலைக்கானவை.

புது இன்ஜினுக்கு பிரேக்-இன் என்று ஒரு சடங்கு சொல்கிறார்களே?

சடங்கு இல்லை, தேவை. இந்த இன்ஜின்களில் பிஸ்டன் அலுமினியம், அது ஓடும் உள்குழாயான ஸ்லீவ் குரோம் பூசிய பித்தளை. ஸ்லீவ் மேலே போகப் போகச் சற்றே குறுகும். குளிர்ந்திருக்கும்போது உச்சியில் பிஸ்டன் இறுக்கிப் பிடிக்கும், சூடானதும் பித்தளை விரிந்து சரியான இடைவெளி வரும். புது இன்ஜினில் அந்த இறுக்கம் அதிகம். அதனால் முதல் நாலைந்து டேங்க் எரிபொருளை, கலவையைச் சற்று ரிச்சாக, அதாவது எரிபொருள் கூடுதலாக வைத்து, முடுக்காமல் ஓட்ட வேண்டும். ஒவ்வொரு டேங்குக்கும் நடுவில் ஆறவிட வேண்டும்.

ரிச்சாக வைக்கிறேன் என்று இன்ஜினைக் குளிரவே வைத்திருப்பதும் தவறு. ஸ்லீவ் விரியாமலே பிஸ்டன் உரசி உரசி அந்த இறுக்கத்தைத் தின்றுவிடும். குளிர் நாளில் ஸ்டார்ட் செய்யும் முன் ஹேர் டிரையரால் இன்ஜின் தலையைச் சூடாக்கிக்கொள்வது நல்ல பழக்கம்.

டியூனிங் அவ்வளவு கஷ்டமா?

பொறுமை வேண்டும், மேதாவித்தனம் வேண்டாம். கார்புரேட்டரில் முக்கியமாக மூன்று ஸ்க்ரூக்கள்: அதிவேக ஊசி, குறைவேக ஊசி, முடுக்காதபோது இன்ஜின் சுழலும் வேகத்துக்கான ஐடில் ஸ்க்ரூ. ஊசியைக் கடிகார திசையில் திருப்பினால் எரிபொருள் குறையும், அதுதான் லீன். எதிர்த்திசையில் ரிச். ஒரு தடவைக்கு 1/16 சுற்றுக்கு மேல் திருப்பாதீர்கள். திருப்பியதும் ஒரு ஓட்டம் ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் அடுத்தது.

முதலில் அதிவேக ஊசி. முழு வேகத்தில் ஓடும்போது பின்னால் மெல்லிய நீலப் புகைக்கோடு தெரிய வேண்டும். புகையே இல்லை, சத்தம் கீச்சென்று உச்சத்துக்குப் போகிறது என்றால் உடனே ரிச் பக்கம் திருப்புங்கள். எண்ணெய் எரிபொருளில்தான் இருக்கிறது என்று முன்பு சொன்னேன் அல்லவா, எரிபொருளைக் குறைத்தால் எண்ணெயையும் குறைக்கிறீர்கள். லீனாக ஓடும் இன்ஜின் ஐந்து நிமிஷம் அட்டகாசமாக ஓடும், அப்புறம் பிஸ்டன் போய்விடும்.

குறைவேக ஊசிக்கு ஒரு நல்ல சோதனை உண்டு. இன்ஜின் நன்றாகச் சூடான பிறகு, ஐடிலில் ஓடவிட்டு, கார்புரேட்டருக்குப் போகும் எரிபொருள் குழாயை அதன் வாய்க்குப் பக்கத்தில் விரல்களால் அமுக்கிப் பிடியுங்கள். சரியாக இருந்தால் சத்தம் சற்றே உயர்ந்து, இரண்டு மூன்று வினாடியில் இன்ஜின் நின்றுவிடும். பிடித்த மறுகணமே நின்றால் லீன். சத்தம் ஏறிக்கொண்டே போய் நெடுநேரம் ஓடினால் ரிச்.

வெப்பமானி இருந்தால் குளோ பிளக்கைச் சுற்றி அளந்து பாருங்கள். 100 முதல் 130 டிகிரி செல்சியஸுக்குள் இருக்கலாம். ஆனால் வெப்பநிலையை மட்டும் நம்பி டியூன் செய்யாதீர்கள். வெயில் நாளில் நல்ல டியூனிங்கே கூடுதல் சூடு காட்டும். கழற்றிய குளோ பிளக்கையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கலாம். கம்பி ஈரமாக, பளபளப்பாக இருந்தால் நல்லது. சாம்பல் பூத்து மங்கியிருந்தால் லீனாக ஓடியிருக்கிறது.

வானிலை மாறினாலும் ஊசி மாற வேண்டும். சூடான, ஈரமான காற்றில் ஆக்சிஜன் குறைவு, அதனால் சற்று லீன். குளிர்ந்த வறண்ட காற்றில் ரிச். கடல் மட்டத்திலிருந்து 1,600 மீட்டர் உயரத்தில் உள்ள டென்வர் நகரில் சரியாக ஓடும் வண்டியை அப்படியே ஹூஸ்டனுக்குக் கொண்டுவந்து ஓட்டினால், அடர்ந்த காற்றில் அது லீனாகிவிடும்.

பழைய வண்டி வாங்கலாமா?

தாராளமாக. ஆனால் உடம்பின் பளபளப்பைப் பார்க்காதீர்கள், இன்ஜினைப் பாருங்கள்.

குளோ பிளக் மாட்டியிருக்கும் நிலையில், இன்ஜின் ஆறியிருக்கும்போது, அடியில் உள்ள ஃப்ளைவீலை விரலால் மெதுவாகச் சுற்றுங்கள். பிஸ்டன் உச்சிக்கு வரும்போது ஒரு கடிப்பு தெரிய வேண்டும், விரலுக்கு வலி எடுக்கும் அளவு எதிர்ப்பு. எண்ணெயில் கை வழுக்குவதுபோல் சுலபமாகச் சுற்றிக்கொண்டே போனால் பிஸ்டனும் ஸ்லீவும் தேய்ந்துவிட்டன. அந்த இரண்டையும் மாற்றும் செலவை விலையில் கழித்துக் கேளுங்கள்.

அடுத்து ஏர் ஃபில்டரைக் கழற்றி, கார்புரேட்டர் வாய்க்குள் விரலை விட்டுப் பாருங்கள். மண் ஒட்டினால் அந்த வண்டியை விட்டுவிடுவதே நல்லது. இந்த இன்ஜின்களைக் கொல்வதில் முதலிடம் தூசிக்குத்தான். ஃபில்டர் நுரையில் பிசுபிசுப்பான எண்ணெய் பூசியிருந்தால் முன்னவர் அக்கறையான ஆள் என்று தெரிந்துகொள்ளலாம்.

சக்கரங்களைப் பிடித்து ஆட்டிப் பாருங்கள், கொஞ்சம் ஆட்டம் சகஜம். டிஃபரன்ஷியலைச் சுற்றும்போது கரகரவென்று சத்தம் வந்தால் பல் போயிருக்கிறது. கடைசியாக, சூடான நிலையில் நிறுத்தி மறுபடி ஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள். ஆறியிருக்கும்போது மட்டும் ஸ்டார்ட் ஆகி, சூட்டில் அடம்பிடிக்கும் இன்ஜினுக்கு ஆயுள் அதிகம் இல்லை.

மிகப் பழைய டி-மேக்ஸ், சாவேஜ் வண்டிகளோடு கிரிஸ்டல் வைத்த 27 மெகாஹெர்ட்ஸ் ரிமோட் வரும். பக்கத்தில் இன்னொருவர் அதே சேனலில் ஓட்டினால் வண்டி கைமீறும். 2.4 கிகாஹெர்ட்ஸ் ரிமோட்டுக்கு மாற்றிவிடுங்கள். சக்கரம் வாங்கும்போதும் கவனம்: பழைய டி-மேக்ஸின் அறுகோண மையம் 14 மில்லிமீட்டர், ரீவோ 3.3-இனது 17. ஒன்றுக்கு வாங்கியது மற்றதில் ஏறாது.

வண்டி போக வேறு என்ன செலவு?

எரிபொருள்தான் பெரியது. 125 சிசி டேங்க் என்று வைத்துக்கொண்டால் ஒரு அமெரிக்க கேலனில் 30 தடவை நிரப்பலாம். கூடவே உபரி குளோ பிளக்குகள், ஏர் ஃபில்டர் எண்ணெய், ஓட்டி முடித்தபின் ஊற்றும் எண்ணெய், எரிபொருள் பாட்டில், ரிமோட்டுக்கும் ரிசீவருக்கும் பேட்டரி. ரிசீவர் பேட்டரியில் கஞ்சத்தனம் வேண்டாம். ஓட்டத்தின் நடுவில் அது இறங்கினால், கார்புரேட்டர் திறந்தபடியே நின்று, பிரேக்கும் இல்லாமல் வண்டி போய்க்கொண்டே இருக்கும். சிக்னல் போனால் வண்டியை நிறுத்தும் ஃபெயில்-சேஃப் அமைப்பும், கார்புரேட்டரை மூடும் ஸ்பிரிங்கும் இருக்கின்றனவா என்று ஒவ்வொரு முறையும் பாருங்கள்.

மலிவான நைட்ரோ டிரக் போதாதா? உதாரணமாக ரெட்கேட் வோல்கேனோ எஸ்30?

.18 இன்ஜினோடு வரும் அந்த வண்டி ஓடும், சந்தோஷமும் தரும். ஆனால் டியூனிங் தெரியாதவர் கையில் மலிவான கார்புரேட்டர் ஒரு தண்டனை. ஏற்கெனவே நைட்ரோ தெரிந்தவருக்கு இரண்டாவது வண்டியாகச் சரி. அதே காசுக்கு நல்ல நிலையில் ஒரு பழைய டி-மேக்ஸ் கிடைத்தால் நான் அதைத்தான் எடுப்பேன்.

பிள்ளைக்கு வாங்கித் தரலாமா?

பெரியவர் கூடவே இருந்தால் மட்டும். ஐந்து கிலோவுக்குப் பக்கத்தில் கனமுள்ள ஒரு பொருள் மணிக்கு 60 கிலோமீட்டருக்கு மேல் ஓடக்கூடியது. காலில் மோதினால் எலும்பு உடையும். மெத்தனாலை விழுங்கினால் பார்வை போகும், உயிரே போகலாம். அது எரியும்போது பகல் வெளிச்சத்தில் சுடர் கண்ணுக்கே தெரியாது. சூடான இன்ஜினுக்குப் பக்கத்தில் எரிபொருள் ஊற்றும் வேலையைப் பிள்ளையிடம் விடக் கூடாது. கார் ஷெட்டுக்குள்ளும் மூடிய அறையிலும் ஓட்டவே வேண்டாம்.

இப்போது எலெக்ட்ரிக் இவ்வளவு வந்த பிறகும் நைட்ரோ தேவையா?

வேகம் மட்டும்தான் வேண்டும் என்றால் எலெக்ட்ரிக் வாங்குங்கள். பிரஷ்லெஸ் மோட்டாரும் லித்தியம் பேட்டரியும் உள்ள டிரக்கை நைட்ரோ முந்துவது கஷ்டம். பக்கத்து வீட்டுக்காரருக்கும் அதுதான் நிம்மதி. நைட்ரோவைத் தேர்ந்தெடுப்பவர் இன்ஜினையே விரும்பித் தேர்ந்தெடுக்கிறார். அந்தச் சத்தம், எரிந்த எண்ணெய் மணம், ஊசியைக் கொஞ்சம் திருப்பியதும் குரல் மாறுவது, டேங்கை நிரப்பியதும் மறுபடி ஓடுவது. இவற்றில் ஒன்றுமே உங்களை இழுக்கவில்லை என்றால், ஓட்டும் நேரத்தைவிடச் சுத்தம் செய்யும் நேரம் பாரமாகத் தோன்றிவிடும்.

அமெரிக்காவிலிருந்து ஊருக்குக் கொண்டுபோகலாமா?

எரிபொருளை விமானத்தில் கைப்பையிலும் கொண்டுபோக முடியாது, பெட்டியிலும் முடியாது. தீப்பற்றும் திரவம் என்பதால் சாதாரண பார்சலிலும் வராது. உங்கள் ஊரில் நைட்ரோ எரிபொருள் விற்பவர் இருக்கிறாரா என்று விசாரித்து, ஒரு பாட்டிலாவது கையில் வாங்கிய பிறகு வண்டியைப் பற்றி யோசியுங்கள். ஓட்டிய வண்டியைக் கொண்டுபோவதானால் டேங்கிலும் குழாயிலும் ஒரு சொட்டுகூட இருக்கக் கூடாது, எரிபொருள் வாசனை இருந்தாலே தடுத்துவிடுவார்கள். கிளம்பும் முன் விமான நிறுவனத்திடமும் கேட்டுக்கொள்ளுங்கள்.

சில மாதங்கள் ஓட்டாமல் வைப்பதானால்?

மெத்தனால் காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும், ஈரம் பேரிங்கில் துருவை உண்டாக்கும். அதனால் டேங்கைக் காலி செய்து, உள்ளே மிச்சம் உள்ளது தீர்ந்து தானாக நிற்கும்வரை இன்ஜினை ஓடவிடுங்கள். குளோ பிளக் துளையிலும் கார்புரேட்டர் வாயிலும் சில துளி எண்ணெய் விட்டு இரண்டு மூன்று முறை சுற்றுங்கள். கடைசியில் பிஸ்டனை உச்சியில் நிற்க விடாமல் கீழே இறக்கி வையுங்கள். உச்சியில் நின்றபடி ஆறினால் ஸ்லீவ் சுருங்கி அதைப் பிடித்துக்கொள்ளும். எரிபொருள் கேனின் மூடியை நன்றாக இறுக்கி, வெயில் படாத இடத்தில் வைத்தால் போதும்.